யாழ்ப்பாணத்து வெக்கைக்குள் ஒரு நனோமீற்றர்: டெங்குவுக்கான நுண் கான்டிலீவர் உணரியை வடிவமைக்கும் முறை

கார்த்திகை, மார்கழி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் நுளம்பும் பெருகும், காய்ச்சல் விடுதிகளும் நிரம்பும். டெங்குவா என்று பார்க்க, டெங்கு வைரஸ் இரத்தத்தில் விடும் என்.எஸ்.1 என்ற புரதத்தைத் தேடும் பரிசோதனைப் பட்டி இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். எவ்வளவு என்று சொல்லாது. அந்த எவ்வளவையும் அளக்கக்கூடிய, நிறமோ ஒளிரும் குறியோ ஒட்டத் தேவையில்லாத கருவி ஒன்றை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்திலோ இறுதி ஆண்டுச் செயற்திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவரை மனதில் வைத்து எழுதுகிறேன். உயர்தரப் பௌதிகவியல் நினைவிருந்தால் போதும்.

கான்டிலீவர் என்பது ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கும் தகடு. தலைமயிரை விட மிக மெல்லிய சிலிக்கன் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் பிறபொருளெதிரிகளை (குறித்த ஒரு புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறுகளை) ஒட்டி வைத்தால், தேடும் புரதம் வந்து பிணையும்போது அந்தப் பக்கத்தின் மேற்பரப்புத் தகைப்பு, அதாவது மேற்பரப்பை இழுக்கும் அல்லது தள்ளும் விசை, மாறும், தகடு வளையும். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட பச்சைப் பனையோலை சுருண்டுகொள்வதும் இதே காரணத்தால்தான்.

1986இல் பின்னிக், குவேட், கேர்பர் மூவரும் ஊசியால் மேற்பரப்பைத் தடவிப் படம் எடுக்கும் அணுவிசை நுணுக்குக்காட்டியை வெளியிட்டபோது இந்தத் தகடு ஊசி தாங்கும் பாகம் மட்டுமே. தொண்ணூறுகளில் ஊசியை விட்டுவிட்டுத் தகட்டையே உணரியாக்கினார்கள். 2000இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வுகூடமும் பாசல் பல்கலைக்கழகமும் டி.என்.ஏ. இழைகள் பிணைவதை இதனால் காட்டின. 2001இல் புரொஸ்டேற் புற்றுநோய்க் குறியான பி.எஸ்.ஏ. புரதத்தை மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராம் வரை அளந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் இது ஆஸ்பத்திரிகளின் அன்றாடக் கருவியாகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது வடிவமைப்பவருக்கு மிகவும் பயனுள்ள கேள்வி. என் கணிப்பில், எல்லோரும் தகட்டை மெல்லியதாக்க ஓடினார்கள், தேடும் புரதத்தைப் பிடிக்காமல், பொய் வளைவைக் கழிக்க மட்டும் உதவும் ஒப்பீட்டுத் தகட்டைக் கடைசியில்தான் நினைத்தார்கள். நாங்கள் மறுதலையாகப் போவோம்.

படி 1: நோயை எண்ணாக மாற்றுங்கள்

என்.எஸ்.1 புரதம் இரத்தத்தில் ஆறு அலகுகள் சேர்ந்த கூட்டாகத் திரிகிறது. அதன் நிறை ஏறத்தாழ 300 கிலோடால்ற்றன். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே காணலாம். செறிவு மில்லிலீற்றருக்குச் சில நனோகிராமிலிருந்து பத்துக்கணக்கான மைக்ரோகிராம் வரை போகக்கூடும். 300 நனோகிராம் என்றால் 1 நனோமோலார் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிறபொருளெதிரியைப் பாருங்கள். அதன் பிரிகை மாறிலி (பிடிக்கும் இடங்களில் பாதி நிரம்பத் தேவையான செறிவு) 1 நனோமோலார் என்று எடுத்தால், மில்லிலீற்றருக்கு 30 நனோகிராம் உள்ள சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தில்) சமநிலையில் 100 இடங்களில் 9 மட்டுமே நிரம்பும். அதை விடச் சிக்கல் நேரம். பிணையும் வேகம் ஒரு மோலாருக்குச் செக்கனுக்கு 1,00,000, பிரியும் வேகம் செக்கனுக்கு 0.0001 என்ற சாதாரணப் பெறுமானங்களை வைத்தால், 30 நனோகிராமில் நேர மாறிலி இரண்டரை மணித்தியாலம். 3 மைக்ரோகிராமில் அது 15 நிமிடம். ஆகவே சமநிலை வரும்வரை காத்திருக்கும் கருவி விடுதிக்கு உதவாது. முதல் பத்து நிமிடத்தில் வளைவு ஏறும் சாய்வை அளக்கும் கருவியைத்தான் வடிவமைக்க வேண்டும். இந்த ஒரு முடிவு பின்னால் வரும் எல்லாவற்றையும் மாற்றும். சாய்வை அளப்பவருக்கு மெதுவான வெப்ப நகர்வே முதல் எதிரி.

பிறபொருளெதிரி வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் பிரிகை மாறிலியைக் கேளுங்கள். நான்கு டெங்கு வகைகளையும் பிடிக்குமா, சிக்கா வைரசின் என்.எஸ்.1 இலும் ஒட்டிக்கொள்ளுமா என்றும் கேளுங்கள்.

படி 2: வளைவா, அதிர்வா?

தகட்டை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, எவ்வளவு வளைந்தது என்று அளப்பது. மற்றது, தகட்டை அதிரவிட்டு, நிறை கூடும்போது பரிவு மீடிறன் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. இரண்டாவது கேட்க அழகாக இருக்கும். 500 மைக்ரோமீற்றர் நீளம், 100 அகலம், 1 தடிப்புள்ள சிலிக்கன் தகட்டின் நிறை சுமார் 117 நனோகிராம், பரிவு மீடிறன் 5.5 கிலோஹேர்ட்ஸ். அதன்மேல் 0.1 நனோகிராம் புரதம் படிந்தால் மீடிறன் 2.4 ஹேர்ட்ஸ் மட்டும் குறையும். காற்றிலோ வெற்றிடத்திலோ இதைப் பிடித்துவிடலாம். திரவத்துக்குள் தகடு சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு அதிர்வதால் மீடிறன் விழுந்து, பரிவு உச்சம் பல நூறு ஹேர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்துவிடும். அந்த மேட்டுக்குள் 2 ஹேர்ட்ஸைத் தேடுவது வீண் வேலை.

திரவத்தைத் தகட்டுக்குள்ளேயே ஓடவிட்டு, தகட்டை வெற்றிடத்தில் அதிரவிடும் வழியை 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. குழு காட்டியது. அருமையான வேலை, ஆனால் அந்தச் சில்லை (சிலிக்கன் சிப்பை) செய்ய உயர்தரத் தூய அறை வேண்டும். நாங்கள் வளைவோடு நிற்போம்.

படி 3: தகட்டின் அளவுகள்

அடிப்படைச் சமன்பாடு 1909இல் ஸ்ரோனி தந்தது:

நுனி வளைவு = 3 × (1 − புவாசோன் விகிதம்) × மேற்பரப்புத் தகைப்பு × நீளம்² ÷ (யங்கின் மட்டு × தடிப்பு²)

மேலே சொன்ன தகட்டுக்கு யங்கின் மட்டு 169 கிகாபஸ்கால், புவாசோன் விகிதம் 0.25 என்று வையுங்கள். உயிர்மூலக்கூற்றுப் பிணைப்பில் மேற்பரப்புத் தகைப்பு மாற்றம் மீற்றருக்குச் சில மில்லிநியூட்டன்தான். 5 என்று எடுத்தால் நுனி 16.6 நனோமீற்றர் வளையும். தடிப்பை அரைவாசி ஆக்கினால் நான்கு மடங்கு, 66 நனோமீற்றர்.

இங்கேதான் எல்லோரும் மயங்குவது. வளைவு நான்கு மடங்கானால் உணர்திறன் நான்கு மடங்காகுமா? ஆகாது. தகடு சும்மா இருக்கும்போதும் வெப்ப இயக்கத்தால் நடுங்கும். அந்த நடுக்கம் போல்ட்ஸ்மான் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி, வில் மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் வரும். 1 மைக்ரோமீற்றர் தகட்டின் வில் மாறிலி மீற்றருக்கு 0.034 நியூட்டன், நடுக்கம் 0.35 நனோமீற்றர். அரை மைக்ரோமீற்றர் தகட்டில் நடுக்கம் 1 நனோமீற்றராகிவிடும். சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 47இலிருந்து 67 ஆகிறது. அதாவது ஒன்றரை மடங்குகூட இல்லை. அந்த ஆதாயத்துக்காக, குமிழி ஒன்று தொட்டாலே உடையும் தகட்டை ஏற்பதா என்று யோசியுங்கள். முதல் வடிவமைப்புக்கு 1 மைக்ரோமீற்றரே நல்லது.

அகலத்தைக் கூட்டினாலும் இதே வர்க்கமூல அளவு ஆதாயம் கிடைக்கும், உடையும் பயம் இல்லாமல். லேசர் புள்ளி விழவும் வசதி. ஏனோ அகலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

எஸ்.யு-8 என்ற பொலிமரில் தகடு செய்யும் வழியும் உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. யங்கின் மட்டு 4 கிகாபஸ்கால்தான் என்பதால் 2 மைக்ரோமீற்றர் தடிப்பிலும் அதே தகைப்புக்கு 180 நனோமீற்றர் வளையும். விலையும் குறைவு. ஆனால் அது நீரை உறிஞ்சி மெல்ல மெல்ல வீங்கும். சாய்வை அளக்கப் போகிறவருக்கு இது கசப்பான செய்தி.

படி 4: வெப்பம்

இந்தப் படிக்கு மற்ற எல்லாப் படிக்கும் சேர்த்துச் செலவிடும் நேரத்தைக் கொடுங்கள்.

பிறபொருளெதிரியை ஒட்டத் தகட்டின் ஒரு பக்கம் தங்கம் பூசுவோம், வழக்கமாக 20 நனோமீற்றர். தங்கம் பாகை ஒன்றுக்கு மில்லியனில் 14 பங்கு விரியும், சிலிக்கன் 2.6 பங்குதான். தங்கத்தின் மீள்தன்மையைச் சேர்த்துக் கணக்கிட்டால் வெப்பநிலை ஒரு பாகை மாறும்போது மீற்றருக்கு ஏறக்குறைய 31 மில்லிநியூட்டன் தகைப்பு உருவாகும். நாங்கள் தேடும் சமிக்ஞை 5. அதாவது பாகையில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே 3 மில்லிநியூட்டன் பொய்ச் சமிக்ஞை.

ஜன்னல் திறந்த ஆய்வுகூடத்தில் காலைக்கும் மத்தியானத்துக்கும் எத்தனை பாகை வித்தியாசம் என்று உங்களுக்கே தெரியும். ஏ.சி. போட்டாலும் அமுக்கி நின்று ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் அறை வெப்பநிலை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் சில நிமிட இடைவெளியில் வருவதால், என்.எஸ்.1 பிணையும் வேகத்தைப் போலவே தோற்றம் காட்டும்.

கவனிக்க வேண்டியது இதுதான்: வெப்பத்தால் வரும் வளைவும் புரதத்தால் வரும் வளைவும் ஒரே ஸ்ரோனி சமன்பாட்டுக்குள்தான் போகின்றன. தகட்டை மெல்லியதாக்கினால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும், விகிதம் மாறவே மாறாது. விகிதத்தை மாற்றுபவை மூன்று மட்டுமே: தங்கத்தின் தடிப்பு, வெப்பநிலைக் கட்டுப்பாடு, ஒப்பீட்டுத் தகடு.

தங்கத்தைக் குறைக்கலாம், ஆனால் 10 நனோமீற்றருக்குக் கீழே அது தொடர்ச்சியான படலமாக இல்லாமல் தீவு தீவாகப் படியத் தொடங்கும். இரு பக்கமும் தங்கம் பூசினால் வெப்ப வளைவு தன்னைத்தானே இரத்துச் செய்யும். அப்போது இரு பக்கத்திலும் பிறபொருளெதிரி ஒட்டாமல் பார்க்கும் தலைவலி வரும். எஸ்.யு-8 இலோ தங்கத்தோடு உள்ள விரிவு வித்தியாசம் இன்னும் மூன்று மடங்கு பெரிது.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு எங்கள் ஊருக்கென்று ஒரு யோசனை. ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் தகடு இருக்கும் திரவக் கலத்தை 20, 25 பாகையில் வைப்பார்கள். இங்கே அப்படி வைத்தால் பெல்ற்றியர் என்ற சிறு மின் குளிரூட்டி எந்நேரமும் அறையோடு மல்லுக்கட்டும், ஈரக் காற்று கலத்தின் கண்ணாடியில் பனித்து லேசரைக் குழப்பும். 37 பாகையில் வையுங்கள். அறை வெப்பநிலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும் என்பதால் வெறும் சூடாக்கியே போதும், பனிப்பும் இல்லை, பிறபொருளெதிரிக்கும் அது பழகிய வெப்பநிலை. கலத்தைத் தடித்த அலுமினியக் கட்டியில் குடைந்து, வெப்பத்தடையியைத் தகட்டுக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். இலக்கு நூறில் ஒரு பாகை. அங்கே பொய்ச் சமிக்ஞை 0.3 மில்லிநியூட்டனுக்கு இறங்கும். மின்சாரம் ஒரு கணம் போனாலும் வெப்பச் சமநிலை திரும்ப ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஆகவே கணினிக்கு முன் சூடாக்கிக்கு யூ.பி.எஸ். கொடுங்கள்.

மிச்சத்தை ஒப்பீட்டுத் தகடு பார்த்துக்கொள்ளும். ஒரே சில்லில் 8 தகடுகள் இருந்தால் குறைந்தது 3ஐ இதற்கு ஒதுக்குங்கள். அவற்றில் வெறும் தங்கத்தை விட்டுவைக்க வேண்டாம். என்.எஸ்.1 ஐப் பிடிக்காத, மற்ற எல்லா வகையிலும் அதே இனத்துப் பிறபொருளெதிரியை ஒட்டுங்கள். அப்போதுதான் சீரத்தின் மற்றப் புரதங்கள் இரண்டிலும் ஒரேமாதிரி ஒட்டும், கழித்தால் போய்விடும். மூன்றையும் ஒரே ஓரத்தில் வைக்காதீர்கள், இடையிடையே கலந்து வையுங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் வெப்பநிலை ஒன்றல்ல.

படி 5: வளைவைப் படித்தல்

ஒளி நெம்பு முறையில் லேசர் டயோட் ஒன்றின் ஒளி தகட்டின் நுனியில் பட்டுத் தெறித்து, புள்ளி எங்கே விழுகிறது என்று சொல்லும் ஒளியுணரியில் விழும். புள்ளி நகரும் தூரம் 4 × உணரித் தூரம் × வளைவு ÷ தகட்டு நீளம். உணரி 5 சென்ரிமீற்றரில் இருந்தால் 400 மடங்கு உருப்பெருக்கம். 16.6 நனோமீற்றர் வளைவு 6.6 மைக்ரோமீற்றர் நகர்வாகும். சாதாரண உணரியே இதை எளிதாகப் பிடிக்கும். பல தகடுகளுக்குப் பல லேசர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி அணைத்து ஒரே உணரியால் படிக்கலாம்.

முழு இரத்தத்துக்குள் ஒளி போகாது. அதற்குத் தகட்டுக்குள் மின்தடை ஒன்றைப் பதித்து, வளையும்போது தடை மாறுவதை உவீற்சன் பாலத்தால் அளக்கலாம். ஒப்பீட்டுத் தகட்டைப் பாலத்தின் மறுகையில் போட்டால் கழித்தல் மின்சுற்றிலேயே நடந்துவிடும், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குறை, மின்னோட்டம் தகட்டைச் சூடாக்கும். படி 4 ஐ மறக்காதவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சீரத்தோடு தொடங்குபவர்கள் ஒளி முறையிலேயே நில்லுங்கள்.

படி 6: செய்வதா, வாங்குவதா

வாங்குங்கள். மின்காப்புப் படைமேல் சிலிக்கன் உள்ள வில்லையில் ஒளியச்சு, பிளாஸ்மா அரிப்பு, பின்பக்க அரிப்பு, கடைசியில் ஐதரோபுளோரிக் அமிலத்தால் ஒக்சைட்டைக் கரைத்துத் தகட்டை விடுவித்தல் என்று செய்முறை நீளும். அந்த அமிலம் தோலில் பட்டால் வலி தாமதமாகத் தெரியலாம், அதற்குள் உள்ளே போய்க் கல்சியத்தைப் பிணைத்துவிடும். கல்சியம் குளூக்கோனேற் களிம்பும் பழகிய ஆளும் இல்லாத இடத்தில் அந்தப் போத்தலைத் திறக்கவே கூடாது. 8 தகடுள்ள சில்லுகளும், ஊசியில்லாத அணுவிசைத் தகடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. உங்கள் மூளையை வெப்பத்துக்கும் மேற்பரப்புக்கும் செலவிடுங்கள்.

படி 7: மேற்பரப்பு

புற ஊதா, ஓசோன் கொண்டு சில்லைச் சுத்தப்படுத்துங்கள். கந்தகவமிலமும் ஐதரசன் பெரொட்சைட்டும் கலந்த கரைசல் இதை விட நன்றாகச் சுத்தப்படுத்தும்தான், ஆனால் ஒரு துளி அசற்றோன் கலந்தாலே வெடிக்கக்கூடியது. பிறகு ஒரு பக்கம் 2 நனோமீற்றர் தைற்றேனியம், அதன்மேல் 20 நனோமீற்றர் தங்கம். தைற்றேனியம் இல்லாவிட்டால் தங்கம் உரிந்துவிடும்.

தங்கத்தில் காபொட்சிலிக் நுனியுள்ள நீண்ட சங்கிலித் தயோல் (தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் கந்தகச் சேர்வை) ஒன்றை இரவு முழுக்க எதனோல் கரைசலில் படியவிடுங்கள். அடுத்த நாள் ஈ.டி.சி., என்.எச்.எஸ். என்ற இணைப்பு இரசாயனங்கள் இரண்டாலும் அந்த நுனியைத் தூண்டி, உடனேயே பிறபொருளெதிரிக் கரைசலுக்குள் ஒரு மணித்தியாலம். தூண்டிய நுனி நீரில் சீக்கிரம் செத்துவிடும், தேநீர் குடிக்கப் போய்விட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். மீதி நுனிகளை எதனோலமைனால் மூடுங்கள். சிலிக்கன் பக்கத்தைப் பொலிஎதிலீன் கிளைகோல் இணைந்த சிலேனால் மூடுங்கள். அந்தப் பக்கத்திலும் புரதம் ஒட்டினால் இரு பக்கமும் ஒன்றையொன்று இழுத்து, வளைவே இல்லாமல் போகும்.

ஒரே சில்லில் வெவ்வேறு தகட்டுக்கு வெவ்வேறு பிறபொருளெதிரி எப்படி? தகட்டு இடைவெளிக்குப் பொருந்தும் நுண் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு தகட்டையும் தன் குழாய்க்குள் நுழையவிடுவது வழக்கம். கை நடுங்காதவர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு சில்லை ஒருபோதும் காயவிட வேண்டாம்.

எத்தனை மூலக்கூறு பிணைந்தது என்பது மட்டும் வளைவைத் தீர்மானிப்பதில்லை. லண்டன் யுனிவேர்சிற்றி கொலேஜ் குழு 2008இல் வன்கோமைசின் மருந்தை வைத்துக் காட்டியது போல, பிணைந்த இடங்கள் ஒன்றோடொன்று தொடர்புபட்டுப் பரவினால்தான் தகைப்பு தகடு முழுக்கக் கடத்தப்படும். பிறபொருளெதிரிகளை ஐதாக ஒட்டினால் புரதம் பிணைந்தும் தகடு அசையாமல் இருக்கும். ஆகவே அடர்த்தியை மாற்றி மாற்றிப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள்.

படி 8: ஓட்டம்

தகடு இருக்கும் கலத்தின் உயரத்தை 100 மைக்ரோமீற்றர் அளவில் வைத்தால் என்.எஸ்.1 அந்தத் தூரத்தைப் பரவலால் கடக்கச் சுமார் 2 நிமிடம். உயரத்தை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. தாங்கற் கரைசலுக்கு (அமிலத்தன்மை மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசலுக்கு) காய்ச்சி வடித்து அயன் நீக்கிய நீர்தான். எங்கள் சுண்ணாம்புக் கல் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து வடிகட்டினாலும் உதவாது, அயன் செறிவு மாறினாலே தகைப்பு மாறும். கரைசலை 40 பாகைக்குச் சூடாக்கி வெற்றிடத்தில் வாயு நீக்கிய பிறகே கலத்துக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் 37 பாகைக் கலத்தில் குமிழிகள் தானாக முளைக்கும்.

முதலில் தாங்கற் கரைசலை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு அடிக்கோடு அமைதியாவதைப் பாருங்கள். பிறகு கலத்தை வேண்டுமென்றே ஒரு பாகை சூடாக்குங்கள். எல்லாத் தகடும் சுமார் 100 நனோமீற்றர் வளைய வேண்டும். எந்தத் தகடு எவ்வளவு வளைந்தது என்பதை வைத்து அவற்றின் சமிக்ஞைகளை ஒன்றுக்கொன்று சமப்படுத்துங்கள். படி 4 இன் எதிரி இங்கே இலவச அளவுகோலாகிறது. அடுத்து டெங்கு இல்லாத சீரம், அதன்பின் மாதிரி. தாங்கற் கரைசலிலிருந்து நேரே நோயாளியின் சீரத்துக்குத் தாவினால் ஒளிமுறிவுச் சுட்டி மாறி லேசர் புள்ளி தானாகவே நகரும்.

படி 9: எண்ணை நம்பலாமா

டெங்கு இல்லாத சீரத்தைப் பல சில்லுகளில் ஓட்டி, கழித்த பிறகு வரும் சாய்வுகளின் சராசரியையும் நியம விலகலையும் எடுங்கள். சராசரியோடு மூன்று நியம விலகல் கூட்டினால் வருவதுதான் உங்கள் கண்டறியும் எல்லை. ஒரே சில்லில் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்த விலகல் எப்போதும் சிறியதாக, அழகாக இருக்கும். அதை எழுதாதீர்கள், மேற்பரப்புக்கு மேற்பரப்பு வரும் வேறுபாடு அதற்குள் இல்லை.

அளவீட்டுக் கோட்டைச் சுத்தமான என்.எஸ்.1 ஐச் சாதாரண சீரத்தில் கலந்து வரையுங்கள். நோயாளிகளின் மாதிரிக்கு மருத்துவ பீடத்தின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் எடுக்கும் என்பதால் சில்லுக்கு ஓடர் கொடுக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். மாதிரிகளை வேறொருவர் குறியிட்டுத் தரட்டும், அளப்பவருக்கு எது டெங்கு என்று தெரியக்கூடாது. அதே மாதிரிகளை எலைசாவிலும் (நிறமாற்றத்தால் புரதத்தை அளக்கும் வழமையான ஆய்வுகூடச் சோதனையிலும்) ஓட்டி ஒப்பிடுங்கள். இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களை ஒப்பீட்டில் தனியாகப் பிரித்து வையுங்கள். அவர்களின் உடலில் ஏற்கெனவே உள்ள பிறபொருளெதிரிகள் என்.எஸ்.1 ஐப் பிடித்துக்கொள்வதால் எலைசாவும் குறைத்துத்தான் காட்டும். அங்கே இரண்டு கருவியும் ஒத்துப்போனால் இரண்டும் சரி என்று அர்த்தமாகாது. அந்த மாதிரிகளுக்கு வைரசின் ஆர்.என்.ஏ.யைத் தேடும் பி.சி.ஆர். முடிவையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.